கிண்ணம் ஏலத்துக்கு

எங்கள் கிறிஸ்தவ சபையின் விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பழைய செயலாளர் என்ற மரியாதை. சபையில் இருந்த ஒரு அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழுவிலிருந்து ஒரு பையன் வந்து தாளைத் திருப்பிக் கொடுத்தான். "ஐயா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா இந்தப் பழைய குப்பையை இப்ப எதுக்குக் கிளறணும்?" என்று கேட்டான். மணிக்கூண்டு எப்படிக் கட்டினார்கள், யார் யார் நன்கொடை கொடுத்தார்கள், அதை எழுதச் சொன்னான். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைத்தான் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்களே, அதை நான் எதற்கு இன்னொரு தரம் எழுதவேண்டும்? போடா போ என்று அனுப்பிவிட்டேன். அவன் குப்பை என்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். யார் என்ன செய்துவிடுகிறார்கள் பார்க்கலாம்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நம் ஆட்கள் அடுத்த கேள்வியாக எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்கவிடாமல் செய்வதற்காகவே பெயரை விடுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேனே தவிர, அந்த நாளில் நான் அவரை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட அவர் பத்து வயது மூத்தவர்.

எழுபதுகளின் கடைசி. போடியில் என் தாய்மாமனுக்கு ஏலக்காய்க் கிட்டங்கி, அதாவது கிடங்கு, இருந்தது. போடிமெட்டுக்கு அப்பால் தோட்டமும் இருந்தது. சபைக்குப் பொருளாளரும் அவர்தான். நான் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை, சபையில் செயலாளர். இரண்டுமே மாமா போட்ட பிச்சை. இவர் அந்தக் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவர். இருபது பெண்கள் ஆளுக்கு ஒரு சுளகோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பச்சை மாறாமல் பருத்த காய் முதல் தரம், வெளுத்தது இரண்டாம் தரம், வெடித்த காய், பூச்சிக்காய் எல்லாம் அதற்கும் கீழே. மற்றவர்கள் பிரித்ததை இவர் ஒரு தரம் கையால் அளைந்து பார்த்தால்தான் மூட்டை தைப்போம். கிட்டங்கியில் எல்லோரும் 'தரக்காரம்மா' என்பார்கள். விருதுநகர் வியாபாரிகள் மூட்டையைப் பிரிக்காமலே, "அந்தம்மா கை பட்டதுதான?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் மாமா நேராக வந்து அவர் முன்னால் நின்றார்.

"ரெண்டாந்தரத்துல ரெண்டு படி அள்ளி மொத தரத்துல கல. எவன் பாக்கப்போறான்?"

இவர் தலையைத் தூக்கவில்லை. "நான் பாத்துட்டேனே, மொதலாளி" என்றார்.

மாமா திரும்பிப் போய்விட்டார். அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கைக்காகத்தான் வியாபாரிகள் வந்தார்கள்.

இவருடைய குணமே இதுதான். காயை மயிரிழை பிசகாமல் தரம் பிரிப்பார். மனுசனைத் தரம் பிரித்தால் மட்டும் பொறுக்கமாட்டார். "காய்க்குத் தரம் உண்டு, கணக்கய்யா. பாத்தாத் தெரியும், மோந்தாத் தெரியும், காதுகிட்ட ஆட்டுனாத் தெரியும். மனுசனை எதை வச்சுப் பிரிக்கிறீங்க? மோந்து பாத்தா? ஆட்டிப் பாத்தா? சொல்லுங்க, நானும் அந்தச் சோலியைக் கத்துக்கிர்றேன்" என்பார். இருபது பெண்களும் சுளகால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் கணக்கு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

கிட்டங்கியில் நான் 'கணக்கய்யா'. மாமா 'மொதலாளி'. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நான் 'தம்பி', மாமா 'அண்ணே'! வாராவாரம் மேடையில் நின்று 'பிரியமான சகோதர சகோதரிகளே' என்று படிக்கிறோமே, அதை நம்பிய ஒரே ஆள் இவர்தான். "நல்லாருக்கீங்களா, அண்ணே?" என்று இவர் கேட்கும்போது மாமாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே. மூக்குப்பொடி டப்பாவைத் தேடுவார்.

இன்னொரு பழக்கமும் இவருக்கு உண்டு. ஊருக்குள் டீ குடிக்கமாட்டார். கிட்டங்கிப் பெண்கள் பத்து மணிக்கு எதிர்க்கடைக்குப் போவார்கள், இவர் சுளகை விட்டு எழுந்திருக்கமாட்டார். உடம்புக்கு ஆகாதோ என்று நினைத்து ஒரு நாள் கேட்டேன்.

"ஆகாம என்ன? மெட்டுல ஏறுனா நாலு கிளாஸ் கட்டன் டீ குடிப்பேன். இங்க எனக்குன்னு ஒரு கிளாஸை ஆணியில மாட்டி வச்சிருக்கான். நானே எடுத்து, நானே கழுவி, நானே மாட்டணுமாம். அதுல குடிக்கிறதுக்கு நாக்கு வறண்டு செத்தாலும் சரி" என்றார். பிறகு, "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை கோயில்ல குடிக்கேன்ல, அது போதும். இந்த ஊர்ல நான் வாய் வச்ச பொதுப் பாத்திரம் அது ஒண்ணுதான்" என்றார்.

அப்போது அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் வேதத்துக்கு வந்தது. சாமியை விட்டோம், திருநீறை விட்டோம், கொடையும் பொங்கலும் விட்டோம். தெருவை மட்டும் விடவில்லை, அதைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்தோம். சபையில் முன் வரிசை எங்கள் தெரு. பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம், தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிற மலைச்சனம். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டவேண்டிய அவசியமும் இல்லை.

இவர் வேதத்துக்கு வந்த கதை வேறு. இவருடைய அப்பா குரங்கணிப் பாதையில் தலைச்சுமை இறக்குகிறவர். மேலே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடும்பம். கீழேயிருந்து ஒரு உபதேசியார் நடந்தே மலையேறி வந்தாராம். மழையில் நனைந்து, நடுங்கிக்கொண்டு லயத்து வாசலில் நின்றாராம்.

"எங்கப்பன் கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்துச்சு. அவரு என்ன ஏதுன்னு கேக்கலை. பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து, எங்கப்பன் வாய் வச்ச சட்டியை வாங்கி, மிச்சக் கஞ்சியைக் குடிச்சாரு. அம்புட்டுதான். ஒரு வார்த்தை பிரசங்கம் பண்ணலை. எங்கப்பன் அவரையே பாத்துச்சாம். மறுமாசம் லயம் பூராவும் ஓடையில எறங்கி ஞானஸ்நானம் வாங்கிட்டாக."

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவுக, வேதம்னா நூறு வெளக்கம் சொல்லுவீங்க தம்பி. எங்களுக்கு வேதம்னா ஒரே சட்டி" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால்தான் தம்பி.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சையை வாங்கிப் போதகரின் மனைவியே ரசம் எடுத்து வைப்பார். ஒரு அப்பம், ஒரு கிண்ணம். வெள்ளி முலாம் பூசிய பழைய பித்தளைக் கிண்ணம் அது, வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி. பத்துப் பத்துப் பேராகப் போய் முழங்கால் போடுவோம், போதகர் கிண்ணத்தை இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டு வருவார். இதைப் பந்தி என்போம். முதல் பந்தி எங்கள் தெரு. கடைசிப் பந்தி மலைச்சனம். அவர்கள் வாய் வைத்த பிறகு எங்களில் யாரும் வாய் வைக்கவேண்டியிருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நானும் அதை ஏற்பாடு என்று நினைத்ததில்லை, அது அப்படித்தான் என்று இருந்தேன்.

ஒரு வருடம் உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று, போதகர் அழைத்ததும், தூணுக்குப் பின்னாலிருந்து இவர் எழுந்தார். நேராக நடுவழியில் நடந்து வந்தார். முதல் பந்தியில், கிராதியின் இடது ஓரத்தில் முழங்கால் போட்டார். அடுத்த இடம் எப்போதும் மாமாவுடையது. மாமா வந்து, பார்த்து, வேறு வழியில்லாமல் பக்கத்தில் முழங்கால் போட்டார்.

போதகர் அப்போதுதான் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனுசர், பயந்த மனுசர். இவருக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார். இவர் குடித்தார். போதகர் மாமாவைப் பார்த்தார், பீடத்தின் மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தார். முதல் பந்தியில் அதுவரைக்கும் துடைத்து நான் பார்த்ததில்லை. துடைத்தும் பிரயோசனமில்லை. மாமா வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து, சபை பூராவும் பார்க்க வெளியே நடந்தார்.

ஆராதனை முடிந்ததும் மாமா இவரை வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டார்.

"ஏ, ஒனக்கு எம்புட்டுத் திமிரு? எந்திரிச்சு முன்னால வர்ற?"

"எல்லாரும் குடிங்கன்னுதான வாசிச்சாங்க, அண்ணே. எல்லாரும்ங்கிறதுல வரிசை எங்க இருக்கு?"

"ஆருக்கு ஆரு அண்ணன்? நீ வாய் வச்சதுல நான் வாய் வைக்கணுமா?"

இவர் குரலை உயர்த்தவே இல்லை. "காட்டிக்குடுத்தவனும் அன்னைக்கு அந்தப் பந்தியிலதான இருந்தான்? அவனுக்கும் சேத்துத்தான குடுத்தாரு. கூட இருந்த பதினோரு பேருல ஒருத்தராச்சும் வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்களா, அண்ணே?"

மாமாவின் காது சிவந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுவாரமே கமிட்டி கூடியது. யாரும் தெருவைப் பற்றிப் பேசவில்லை. எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, சுகாதாரம். காலம் மாறிவிட்டது, ஒரே கிண்ணத்தில் குடித்தால் நோய் பரவும், பெரிய பட்டணத்துச் சபைகளில் எல்லாம் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் வந்துவிட்டது. பேசினவர் மாமா. பொடியை உறிஞ்சிவிட்டு மூக்கை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சுகாதாரம் பேசினார். அதைத் தீர்மானமாக எழுதினது யார்? நான். மதுரைக்குக் கடிதம் போட்டு நாற்பது சின்னக் கண்ணாடிக் கிளாஸும் ஒரு மரத் தட்டும் வரவழைத்தது யார்? நான்தான். நல்ல கையெழுத்து எனக்கு.

கிளாஸ் வந்த முதல் ஞாயிறு, இவர் பழையபடி மலைச்சனத்தின் பந்திக்குத்தான் வந்தார். முழங்கால் போட்டார். அப்பத்தை வாங்கிக்கொண்டார். போதகர் தட்டை நீட்டியதும் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார்.

"எடுத்துக்கோங்கம்மா" என்றார் போதகர்.

"கிண்ணம் எங்க ஐயா?"

"இனிமே இதுதான்."

"டீக்கடையில ஆணியில தொங்குறது ஒண்ணு. இங்க தட்டுல நிக்கிறது நாப்பது. எனக்கு வேண்டாங்கய்யா."

அந்தப் பந்தியில் இருந்த மற்ற ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்து வந்த மலைச்சனப் பந்தியும் அப்படியே. தட்டு நிறைய ரசம் அப்படியே பீடத்துக்குத் திரும்பியது.

ஏழெட்டு மாதம் இது நடந்தது. ஒரு ஞாயிறு தப்பாமல் வருவார்கள். பாட்டுப் பாடுவார்கள், காணிக்கை போடுவார்கள், பந்திக்கும் வந்து முழங்கால் போடுவார்கள், தட்டு வந்ததும் கையைக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "குடிக்கப் போறதில்லைன்னா எதுக்கு முன்னால வந்து முழங்கால் போடுற?"

"பசிக்குதுல்ல தம்பி. பசிக்குதுன்னு காட்டுறதுக்குப் பந்தியிலதான உக்காரணும்?" என்றார். சிரிக்கவில்லை. அந்த ஏழெட்டு மாதத்தில் அவர் மெலிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு வாய்தான் இந்த ஊரில் அவர் மற்ற மனுசரோடு சேர்ந்து குடித்தது, அதையும் நான் கடிதம் எழுதிப் பிடுங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் அது எனக்கு உள்ளே இறங்கியது. இறங்கி என்ன செய்ய, ஒன்றும் செய்யவில்லை. கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பறிப்பு ஓய்ந்ததும் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய், சேவல், வாழைத்தார், பலாப்பழம் என்று அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்தில் வைப்பார்கள், மதியத்துக்கு மேல் அதையெல்லாம் வாசலில் வைத்து ஏலம் போடுவோம். அந்த வருடம் மாமா சொன்னார், "மாப்ளே, அந்தப் பழைய கிண்ணம் சும்மா பீரோவுல கெடக்கு. அதையும் ஏலத்துல சேத்துரு. நான் எடுத்துக்கிர்றேன், வீட்டுல கண்ணாடி அலமாரியில வச்சா அழகா இருக்கும்." சரி என்று நோட்டீஸ் எழுதினேன். பொருட்களை வரிசையாக எழுதி, கடைசி வரி: 'பழைய கிண்ணம் ஏலத்துக்கு.' ஒரு பிரதியைக் கோயில் கதவில் ஒட்டினேன், ஒரு பிரதியை வழக்கம்போல ஜீப்பில் மலைக்கு அனுப்பினேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மலைச்சனம் எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரர்களோடு பிழைக்கிறவர்கள். கூவிக் கூவி விலை ஏற்றி விற்பதை அங்கே 'லேலம்' என்பார்கள். 'ஏலம்' என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து பறிக்கிறார்களே, அந்தக் காய்.

பண்டிகை அன்று இரண்டு ஜீப் நிறைய வந்து இறங்கினார்கள். சேவல் போனது, வாழைத்தார் போனது, பலா போனது. ஏலம் கூவுகிறவன் நான். கடைசியில் கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன். மாமா எழுந்திருக்காமலே ஒரு தொகையைச் சொன்னார். அவரை எதிர்த்து யார் கேட்கப்போகிறார்கள்? நான் கூவினேன்.

"ஒரு தரம்… ரெண்டு தரம்…"

"இருங்க தம்பி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அவருடைய சுளகு. அதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றார். மலைச்சனம் வரிசை வரிசையாக வந்தது. ஒரு பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி ஏலக்காயைச் சுளகில் போட்டாள். அடுத்தவர் தலைத்துண்டிலிருந்து ஒரு கைப்பிடி. அடுத்து இன்னொருவர். பறிப்பு முடிகிற கடைசி நாளில் தோட்டங்களில் ஆளுக்கு ஒரு கைப்பிடி காய் கொடுத்து அனுப்புவது வழக்கம், வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போகிற காய் அது. அதைக் கொண்டுவந்து போட்டார்கள். கோயில் வாசல் பூராவும் மணத்தது.

மாமா எழுந்துவிட்டார். "என்ன கூத்து இது?"

இவர் இடுப்பிலிருந்து நோட்டீஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "கடைசி வரியை வாசிங்க தம்பி."

"பழைய கிண்ணம் ஏலத்துக்கு" என்று வாசித்தேன்.

"கேட்டுக்கிட்டீங்களா? கிண்ணம் ஏலத்துக்குன்னு எழுதி அனுப்புனீங்க. ஏலம் கொண்டாந்துட்டோம். நீங்க இம்புட்டு நேரம் கூவிக்கிட்டு இருந்தது எங்க சனத்துக்கு லேலம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய், அவுகளுக்குத் தெரியாதுன்னா ஒனக்குமா தெரியாது? பத்து வருசமா போடியில கெடக்க!"

"எனக்குத் தெரியும் அண்ணே. அவுகளுக்குத் தெரியாது. எழுதுனது எல்லாருக்கும் சேத்துத்தான எழுதுனீங்க?"

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீதான எழுதுன? நீ என்ன அர்த்தத்துல எழுதுனன்னு நீயே சொல்லு. சத்தமாச் சொல்லு."

என் சாப்பாடு அந்த மனுசன் கையில் இருந்தது. வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தக் கிட்டங்கியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிண்ணம் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். இவர் என்னைப் பார்க்கவே இல்லை, காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது, வந்துவிட்டது.

"எழுதுனது எழுதுனதுதான் மாமா."

நான் மேசைப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க சொல்லவேண்டாம் தம்பி, தரம் சொல்றது என் சோலி" என்றார் இவர்.

சுளகைப் பார்த்தேன். பச்சைக்காய் இருந்தது, வெளுத்த காய் இருந்தது, வெடித்தது, பூச்சி விழுந்தது எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. முதலாளியே வந்து கேட்டும் ஒரு காயைக் கலக்கவிடாத அந்தக் கை, சுளகை ஒரு தரம் அளைந்தது. ஒன்றையும் பொறுக்கவில்லை, ஒன்றையும் தள்ளவில்லை.

"பூராவும் மொத தரம்" என்றார்.

அதுவரை ஒரு ஓரமாக நின்ற போதகர் மேசைக்கு வந்தார். இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்து இவர் கையில் கொடுத்தார். இந்தத் தரம் மாமா பக்கம் பார்க்கவில்லை. மலைச்சனம் ஜீப் ஏறும்போது பாடின பாட்டு மெட்டு ஏறும்வரை கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. ராசிங்காபுரத்தில் ஒரு அரவை மில்லில் போய்ச் சேர்ந்தேன். இவரையும் மாமா நிறுத்திவிட்டார், அதே தெருவில் அடுத்த கிட்டங்கிக்காரர் மறுநாளே கூப்பிட்டுக்கொண்டார். வியாபாரிகளும் பின்னாலேயே போனார்கள், நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

கிண்ணம் போன பிறகு மலைச்சனம் மாதத்தில் ஒரு ஞாயிறு மேலேயே கூட ஆரம்பித்தது. ஒரு மலையாளத்து முதலாளி, காய் உலர்த்துகிற தன் ஸ்டோரை அன்றைக்கு மட்டும் கொடுத்தார். போதகர் ஜீப்பில் ஏறிப் போய்த் திருவிருந்து கொடுத்துவிட்டு வருவார். ஒரு மாதம் நானும் கூடப் போனேன். கிராதி கிடையாது, முதல் பந்தி கடைசிப் பந்தி கிடையாது. தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். போதகர் ஆசீர்வதித்து முதல் ஆளிடம் கொடுத்தார், பிறகு கிண்ணம் கைக்குக் கை மாறி வந்தது. துடைக்கிற துணியை மறந்து வந்தாரோ, வேண்டுமென்றே விட்டு வந்தாரோ, போதகர் கையில் அது இல்லை.

எனக்கு முன்னால் தோட்டத்தில் காடு வெட்டுகிற ஒரு பெரியவர். அவர் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வேலையை விட்டு, மாமனைப் பகைத்துக்கொண்டு, தெருவையே எதிர்த்து நின்ற பெரிய வீரன் அல்லவா நான்? நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கிண்ணத்தை வாங்கினேன். அப்போது என் வலது கை தானாகத் தோள் துண்டை இழுத்தது, கிண்ணத்தின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நினைத்துச் செய்யவில்லை. துடைத்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. குடித்தேன். பக்கத்து ஆளிடம் நீட்டினேன். பக்கத்தில் இருந்தது இவர்தான்.

வாங்கினார். என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பை எடுத்து, நான் வாய் வைத்த விளிம்பை, அவசரமே இல்லாமல், ஒரு முழுச் சுற்று துடைத்தார். பிறகு குடித்தார். அடுத்த ஆளிடம் கொடுத்தார்.

காது மடலெல்லாம் எரிந்தது. என்னையா, என் வாயையா என்று உள்ளே ஒன்று குதித்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று வந்தது. மாமா வாயை மூடிக்கொண்டு எழுந்து போனது ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருந்தேன். கிண்ணம் வட்டத்தைச் சுற்றி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெளியே பனி இறங்கியிருந்தது. கீழே போகிற ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படி இருந்துச்சு தம்பி?"

"சுருக்குன்னு இருந்துச்சு… அக்கா" என்றேன். அக்கா என்று என் வாயில் வந்ததை நானும் கவனித்தேன், அவரும் கவனித்தார்.

"எங்களுக்குப் பொறந்ததுலேருந்து இருக்கு" என்றார். பிறகு ஜீப்பைக் காட்டி, "வெரசாப் போங்க, விட்டுட்டுப் போயிருவான். அடுத்த மாசமும் வாங்க. வரும்போது அந்தத் துண்டைக் கீழயே போட்டுட்டு வாங்க."